முனியப்பனுக்கு நெருப்பு ஆகாது

மாவு மில்களைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வந்த முதல் நாளே உங்களுக்கு முகமூடி, பூட்ஸ் எல்லாம் கொடுத்து, எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்று சுவரிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். எங்களுக்குக் கொடுத்தது ஒரு துடைப்பமும் ஒரு கோணிப்பையும்தான். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதே, ஈரக் கோணியால் துடை, கதவு ஜன்னலைத் திறந்து வை, மாவைக் காற்றில் கிளப்பாதே, பீடியை வாசலிலேயே விட்டுவிட்டு வா. இதையெல்லாம் நான் இன்னொரு தரம் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். பின்வரிசையில் ஒருவர் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார். அதனால் விதிகளை விட்டுவிட்டு, ஆயுத பூஜை அன்று நான் சாமியாடிய கதையைச் சொல்கிறேன். எனக்குச் சாமியாடத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யுத்த காலம் அது. அப்போது நம் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. கப்பலில் வந்துகொண்டிருந்த சீமை மாவு நின்றுபோய், தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட மாவில்லாமல் துணி மில்காரர்கள் தவித்தார்கள். அதுவரை பன்றிக்கும் பஞ்சத்துக்கும் என்று கிடந்த குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, திடீரென்று மரியாதை வந்தது. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் முதலாளி, கடலைக்காய் போட்டுக்கொண்டிருந்த மேட்டு நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு மாவு மில் ஆரம்பித்தார். கிழங்கை அரைத்துப் பாலெடுத்துத் தொட்டியில் தெளிய விடுவோம். அடியில் படிந்ததைக் களத்தில் காயவைத்து, கடைசியில் மாவு ரூமில் பொடித்துச் சலித்து மூட்டை பிடிப்போம். மீசை ஒழுங்காக முளைக்காத வயதில் நான் அந்த மாவு ரூமுக்கு மேஸ்திரி.

மாவு ரூம் என்றால் உங்கள் பாக்டரியில் பார்க்கிற மாதிரி பளபளவென்று நினைத்துக்கொள்ளாதீர்கள். காற்றில் மாவு பறந்து வீணாகிறது என்று ஜன்னலையெல்லாம் பலகை அடித்து மூடியிருந்தார் முதலாளி. விட்டத்தில், பெல்ட்டில், சிலந்திக்கூட்டில், எங்கள் காது மடலில் எல்லாம் மாவு. சாயங்காலம் வெளியே வரும்போது எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஒரே ஜாதியாக இருப்பார்கள். பிறகு கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு அவரவர் ஜாதிக்குத் திரும்பிவிடுவார்கள்.

அந்த மாவைக் கண்டால் எனக்கு மட்டும் பயம். காரணம் இருக்கிறது. மில்லுக்கு வருவதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கூத்தில் நான் தீவட்டி பிடித்தவன். ராஜா வேஷம் திரையை விலக்கிக்கொண்டு வரும்போது குங்கிலியப் பொடியைத் தீவட்டி மேல் வீசுவோம், பக்கென்று ஆள் உயரத்துக்கு நெருப்பு எழும்பும், ஜனங்கள் விசிலடிப்பார்கள். ஒரு தரம் குங்கிலியம் தீர்ந்துபோய்விட்டது. ராஜா வந்துகொண்டிருக்கிறார், என் கையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை வைத்திருந்த கிழங்கு மாவை ஒரு கை அள்ளி வீசினேன். குங்கிலியமெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும். ராஜாவின் ஒட்டுமீசையும் என் சொந்தப் புருவமும் ஒன்றாகப் போயின. அதே மாவு தரையில் குவிந்து கிடந்தால் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாலும் கருகித்தான் போகும். காற்றில் பறந்தால்தான் அதன் குணம் மாறுகிறது.

இதை முதலாளியிடம் பலமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. தெய்வ பக்தி அதிகம், குரல் அதைவிட அதிகம். மாவு எரியும் என்றதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஏம்ப்பா, சாப்பிடற பொருளு எங்கயாச்சும் வெடிக்குமா? அப்பிடின்னா எங்க வூட்டு அடுப்பங்கரை இந்நேரம் ஆகாசத்துல இல்ல இருக்கணும்.”

அதற்கு மேல் வாதாட நான் யார். மாவு ரூமுக்குள் விளக்கு வராமலும் பீடி வராமலும் என்னால் முடிந்தவரை காவல் காத்தேன். ஆனால் கற்பூரம் வருகிற ஒரு நாள் வருஷத்தில் உண்டே. ஆயுத பூஜைக்கு மில்லை நிறுத்தி, மூலை முடுக்கெல்லாம் சுத்தம் செய்து, எந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முதலாளியே தட்டில் கற்பூரத்தைக் குவித்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வருவார். யோசித்துப் பாருங்கள். ஒரு வருஷத்து மாவைத் தட்டிக் கிளப்பிவிடுவதும், நெருப்பை உள்ளே கொண்டுபோவதும் ஒரே நாளில். எதிரி உட்கார்ந்து திட்டம் போட்டால்கூட இவ்வளவு பொருத்தமாகப் போட முடியாது.

இதற்கு நடுவில் எனக்குக் கல்யாணப் பேச்சு வேறு. பெண் அதியமான்கோட்டை. பெயர் வள்ளி. அப்பா கரும்பாலை வைத்து வெல்லம் காய்ச்சுகிறவர். காரிமங்கலம் சந்தையில் அவள் வெல்லம் விற்றுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வாங்க வந்த ஒருவர் வெல்லத்தில் மண் இருக்கிறது என்று சத்தம் போட்டார். அவள் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரில் அச்சு வெல்லத்தைப் போட்டுக் கரைத்து, குடித்துக் காட்டி, சொம்பின் அடியையும் அவருக்குக் காட்டினாள். நான் அன்றைக்கு உப்பு வாங்கப் போனவன், உப்பு வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

அவள் அப்பாவுக்கு என்னைப் பற்றிப் பெரிய ஆட்சேபணை இல்லை. குடிக்கக்கூடாது, சீட்டாடக்கூடாது, இன்னொன்று, சாமியாடக்கூடாது. மூன்றாவது நிபந்தனைக்குக் காரணம் அவருடைய அண்ணன். அந்த மனிதருக்கு ஒரு தைப்பூசத்தில் அருள் வந்தது. அன்றிலிருந்து அவர் கரும்பு வெட்டவும் இல்லை, ஆலை ஓட்டவும் இல்லை. சாமி உடம்பு என்று சொல்லிக்கொண்டு வேளாவேளைக்குத் தம்பி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒரு சாமியாடி போதும் என்பது இவருடைய முடிவு. ஆயுத பூஜை அன்று மில்லுக்கு வந்து என்னையும் என் வேலையையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வெற்றிலை பாக்கு மாற்றுவேன் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

சுத்தம் செய்யும் வேலையை முன்கூட்டியே ஆரம்பித்தேன். பலகையைப் பெயர்த்து ஜன்னலைத் திறந்தோம். கோணியை நனைத்துப் பிழிந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றியெடுத்தோம். பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி கெம்பம்மா. வீட்டில் கன்னடம், மில்லில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். பச்சைக் குழந்தைக்கு உடம்பு துடைக்கிற மாதிரி மில்லைத் துடைக்கச் சொல்கிறானே என்று என்னை இரண்டு பாஷையிலும் திட்டிக்கொண்டே துடைத்தாள். வேலை ஆமை வேகம்தான். எட்டாத உயரத்து விட்டங்கள் மட்டும் பாக்கி. அவசரப்பட்டு அடித்து இறக்குவதைவிட இருக்கிற இடத்தில் இருக்கட்டும், பூஜை முடிந்தபிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தினேன். தொந்தரவு செய்யாத மாவு தொந்தரவு தராது.

பூஜை அன்று காலையில் பெண்ணின் அப்பாவை அழைத்துவர ரோட்டுக்குப் போனேன். பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ் கரியில் ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். சலவை வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டவர் கரி பூசிக்கொண்டு, மிகவும் தாமதமாக வந்து இறங்கினார். அவருக்கு எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பும் வழக்கம் இல்லை. மில் வாசலில் கட்டிய வாழைமரத்தைக்கூட ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

உள்ளே வந்ததும் பார்த்தேன். மாவு ரூமின் கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருந்தன. பலகை இடுக்கிலும் கதவு இடுக்கிலும் வெள்ளையாகப் புகை மாதிரி கசிந்துகொண்டிருந்தது. கெம்பம்மா பொரித் தட்டைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். நான் ரோட்டுக்குப் போன நேரத்தில் முதலாளி விட்டத்தைப் பார்த்திருக்கிறார். சரசுவதி வருகிற நாளில் ஒட்டடையா என்று கோபம் வந்து, எஞ்சின் டிரைவர் மாதையனையும் இன்னொரு ஆளையும் மூங்கில் ஒட்டடைக் குச்சியோடு ஏற்றிவிட்டிருக்கிறார். பொரியிலும் கடலையிலும் மாவு விழக்கூடாதே என்று ஜன்னலில் திரும்பப் பலகையை அடித்து, கதவை வெளியிலிருந்து சாத்தவும் சொல்லியிருக்கிறார். உள்ளே இரண்டு பேரும் ஒரு வருஷத்து மாவைத் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதே நேரத்தில் எஞ்சின் கொட்டகையில் பூஜை முடிந்து ஊர்வலம் இந்தப் பக்கம் திரும்பியது. முன்னால் மேளம், அப்புறம் மணி, அப்புறம் முதலாளி. கையில் தட்டு, தட்டில் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிகிறது. பின்னால் பெண்டு பிள்ளைகள். எல்லாரும் மாவு ரூம் கதவை நோக்கித்தான் வந்தார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் கொட்டாவியை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும். தீ, தீ என்று கத்தலாமா? கத்தியிருந்தால் மில்லைக் காப்பாற்ற முதல் ஆளாகக் கதவைத் திறந்துகொண்டு, கையில் தட்டோடு உள்ளே ஓடியிருப்பவர் முதலாளிதான். தட்டைப் பிடுங்கலாமா? பிடுங்கினால் எரிகிற கற்பூரம் நாலு பக்கமும் சிதறும், ஒரு துண்டு அந்த இடுக்கில் விழுந்தால் போதும். கூத்து, குங்கிலியம், புருவம் என்று விளக்கம் சொல்லலாமா? மேளச் சத்தத்தில் அத்தனை நீள விளக்கம் யார் காதில் விழும்? நம் பக்கத்தில் சாமி ஊர்வலத்தைப் பாதியில் நிறுத்தக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது இன்னொரு சாமி.

பெண்ணின் அப்பா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவரை ஒரு தரம் பார்த்தேன். மூன்றாவது நிபந்தனை ஞாபகம் இருந்தது. உள்ளே மாதையன் தும்முகிற சத்தமும் கேட்டது. நான் தலையைச் சிலுப்பிக்கொண்டு “ஏய்ய்ய்” என்று கத்தினேன்.

முதல் கத்தல் ஆட்டுக்குட்டி மாதிரிதான் வந்தது. ஆனால் மேளக்காரர் நல்லவர். அருள் வந்த ஆளைக் கண்டதும் அடியை மாற்றி வேகம் கூட்டினார். அந்த அடிக்கு எப்பேர்ப்பட்டவனுக்கும் உடம்பு தானாக ஆடும். ஊர்வலம் நின்றது. கெம்பம்மா பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள்.

“யாரு சாமி வந்திருக்கறது?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். “முனியப்பன்.”

அவசரத்தில் சாமியைத் தேர்ந்தெடுக்கும்போதும் புத்தி வேண்டும். ஒரு கங்கையம்மன் பெயரைச் சொல்லியிருந்தால் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்திருப்பார்கள். முனியப்பனுக்கு என்ன பிடிக்கும்? சுருட்டு. கூட்டத்தில் ஒருவர் பயபக்தியோடு மடியிலிருந்து சுருட்டை எடுத்து முதலாளியின் கற்பூரத்திலேயே பற்றவைத்தார். முதலாளி அதற்கு மேல். வந்த சாமிக்கு நாக்கில் கற்பூரம் வைக்க வேண்டுமல்லவா, தட்டைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி நடந்தார். நான் நிற்பது மாவு ரூம் கதவுக்கு எதிரில். ஒரு நெருப்பை நிறுத்தப் போய் இரண்டு நெருப்பை வரவழைத்துவிட்டேன்.

“வாயத் தெறங்க சாமி,” என்றார் முதலாளி.

வாயைத் திறக்கவில்லை, ஓட்டம் பிடித்தேன். அருள் வந்தவர் ஓடினால் கீழே விழாமல் பிடிக்கக் கூடவே ஓடவேண்டும் என்பது வழக்கம். அது அன்றைக்கு எனக்கு உதவியது. தட்டோடு முதலாளி, சுருட்டோடு அந்த மனிதர், மேளம், பெண்கள் என்று மொத்த ஊர்வலமும் மாவு ரூமை விட்டுவிட்டு என் பின்னால் களத்தில் ஓடிவந்தது. பெண்ணின் அப்பா மட்டும் ஒதுங்கி வழிவிட்டார். களத்தைத் தாண்டியதும் கிழங்குப் பால் தொட்டி. பூஜை நாளென்றும் பாராமல் கடைசிப் பாலைத் தெளிய விட்டிருந்தார் முதலாளி, வீணாகக்கூடாதல்லவா. குதித்தேன்.

கிழங்குப் பால் புளித்தால் எப்படி நாறும் என்று உங்களுக்குத் தெரியும். கழுத்தளவு அதில் நின்றுகொண்டு உத்தரவு போட்டேன். இந்த மில்லில் எனக்கு நெருப்பு ஆகாது. மாவு ரூமுக்குள் கற்பூரமோ விளக்கோ சுருட்டோ வரக்கூடாது. கதவு ஜன்னலை இப்போதே திற. உள்ளே இருக்கிற இரண்டு பேரும் வெளியே வரட்டும். மாவு அடங்குகிறவரை யாரும் கிட்டே போகாதே. விட்டத்தை இனிமேல் ஈரக் கோணியால்தான் துடைக்க வேண்டும், அதுவும் பூஜைக்கு ரொம்ப முன்னாலேயே. சாமி இவ்வளவு விவரமாக உத்தரவு போட்டு நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. ஆனாலும் கெம்பம்மா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மாதையனும் கூட்டாளியும் கண் மட்டும் தெரிய வெளியே வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சாமி அழுகிறது என்று பெண்களும் அழுதார்கள்.

தொட்டியை விட்டு ஏறி வந்தேன். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் ஏமாளி இல்லை. ஈரக் கோணி, திறந்த ஜன்னல் என்று ஒரு மாதமாக நான் நச்சரித்ததை முனியப்பனும் வரி மாறாமல் சொன்னது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். பெண்ணின் அப்பாவும் வந்து பக்கத்தில் நின்றார். தட்டில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

“மேஸ்திரி, நெசத்தச் சொல்லு,” என்றார் முதலாளி. “வந்தது சாமியா, நீயா?”

நான்தான் என்று சொன்னால் முதலாளி அந்தத் தட்டோடு நேராக மாவு ரூமுக்குப் போவார். வெள்ளை இன்னும் அடங்கவில்லை. சாமிதான் என்று சொன்னால் இந்த மில்லுக்குள் இனி ஒருநாளும் நெருப்பு வராது, ஆனால் எனக்கு வள்ளியும் வரமாட்டாள். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் இரண்டு பேர், ஒரே பதில்தான் சொல்ல முடியும்.

“சாமிதாங்க,” என்றேன்.

முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டு கற்பூரத்தைக் களத்திலேயே அணைய விட்டார். பெண்ணின் அப்பா என் ஈரத் தோளைத் தொட்டார். “ஒடம்பப் பாத்துக்குங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு, பொரி கடலைகூட வாங்காமல் ரோட்டைப் பார்த்து நடந்தார். அவர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் நெஞ்சே காலியாகிவிட்டது. விபத்து நடந்திருந்தால்தானே நாலு பேருக்குத் தெரியும். நடக்காமல் நிறுத்தியதற்கு நான் யாரைக் கொண்டுவந்து சாட்சி சொல்ல வைப்பது? உங்கள் வேலையும் அப்படித்தான் இருக்கப்போகிறது, இப்போதே பழகிக்கொள்ளுங்கள். முதலாளி எனக்கு அன்றிலிருந்து மரியாதை விகுதி போட ஆரம்பித்தார். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மறுநாள் நிஜமான முனியப்பன் கோயிலுக்குப் போய், மன்னித்துக்கொள் என்று சொல்லி, சுருட்டு ஒரு கட்டு வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த சந்தை நாளில் பெண்ணின் அப்பா மில் வாசலில் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பில்லை. என்னைத் தனியாக வேலியோரம் கூட்டிக்கொண்டு போனார்.

“எம் பொண்ணு ஒரு கேள்வி கேட்டாளுங்க. எங்க அண்ணன் கற்பூரத்த கண்டா பாஞ்சு வந்து முழுங்குவாரு. கற்பூரத்த கண்டு ஓடற சாமி எந்த ஊருல இருக்குது, கேட்டுட்டு வாங்கங்கறா. நீங்கதான் சொல்லணும்.”

முதலாளி காதுக்குப் போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், ஆனால் தொட்டுப் பார்க்காமல் நம்புகிற ஆளா? ரோட்டோர டீக்கடை அடுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், சலித்த மாவை ஒரு கை அவரிடமே கொடுத்து, தள்ளி நின்று வீசுங்கள் என்றேன். வீசினார். தள்ளி நிற்கவில்லை. டீக்கடைக்காரர் எங்களை வாயில் வந்தபடி திட்டினார். பெண்ணின் அப்பா மீசையில் போன பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, “தை மாசம் வெச்சுக்கலாங்களா?” என்றார்.

தையில் கல்யாணம் நடந்தது. ஆனால் முதலாளி முனியப்பனை விடுவதாக இல்லை. அடுத்த ஆயுத பூஜைக்கும் சாமி வந்து உத்தரவு கொடுத்தால்தான் மில்லுக்கு நல்லது என்று சொல்லிவிட்டார். என்ன செய்வது? மேளம் அடித்தார்கள், ஆடினேன், களத்தில் ஓடினேன், தொட்டியில் குதித்து, விதிகளை ஒன்றுவிடாமல் சொன்னேன். இந்தத் தடவை ஜனங்கள் எனக்கு முன்னாலேயே சொன்னார்கள். கெம்பம்மாவுக்கு அத்தனையும் மனப்பாடம். விட்டமெல்லாம் ஈரக் கோணியால் துடைத்து எப்போதோ முடிந்திருந்தது.

ஏறி வந்தபோது வள்ளி உலர்ந்த துண்டோடு நின்றிருந்தாள். எல்லாரும் கைகூப்பிக்கொண்டு தள்ளி நின்றார்கள். அவள் மட்டும் கிட்டே வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அன்னைக்கு நெசமாலுமே வெடிச்சிருக்குமாங்க?”

“தெரியாது.” அதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு கை மாவு எரிந்து பார்த்திருக்கிறேன், ஒரு ரூம் மாவு எரிந்து பார்த்ததில்லை.

“தெரியாமயா எங்கப்பா கண்ணு முன்னாடி தொட்டியில குதிச்சீங்க?”

“தெரிஞ்சுக்கறதுன்னா, மாதையனை உள்ள வெச்சுல்ல தெரிஞ்சுக்கணும்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு துண்டை என் தலையில் போட்டு, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, முனியப்பனுக்குத் தலை துவட்டிவிட்டாள்.